இளவேனில் வெயிலில் எந்த ஹைலைட்டர் நிற்கும், எந்தப் பூவாசம் தங்கும்?

சித்திரை பிறந்தால் பஞ்சாங்கத்தில் இளவேனில். மதுரையிலோ சென்னையிலோ வாசலைத் தாண்டினாலே வியர்வை. குளிர்நாட்டு வசந்தத்துக்கென்று சொல்லப்படும் பொருள்களை இங்கே அப்படியே வாங்கினால் பாதி வீண். 500 ரூபாய்க்குள் வாங்கும்போது பிராண்டை விட முக்கியம், மினுக்கும் மணமும் எதில் கலந்திருக்கின்றன என்பது.

முதலில் ஹைலைட்டர், அதாவது கன்ன எலும்பு மின்னுவதற்காகப் பூசும் மேக்கப். பெரும்பாலானவற்றில் மினுங்குவது டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா துகள்தான். பவுடர், லிக்விட், ஸ்டிக் மூன்றுக்கும் வித்தியாசம் அந்தத் துகளைத் தாங்கும் பொருளில் இருக்கிறது. ஸ்டிக்கை இந்த வெயிலுக்கு ஒதுக்கிவிடலாம்: மெழுகும் எண்ணெயும் இளகி, தேய்க்கும்போதே அடியில் இருக்கும் ஃபவுண்டேஷனையும் கிளப்பிக்கொண்டு வரும். எண்ணெய் வழியும் சருமத்துக்குப் பவுடர், வறண்ட சருமத்துக்கு லிக்விட்.

லிக்விட் சொதப்புவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். காம்பாக்ட் போட்ட பிறகு அதன்மேல் தடவினால் திட்டுத்திட்டாகத் திரளும். மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், சில நிமிட இடைவெளி, ஃபவுண்டேஷன், அதன்மேல் லிக்விட். கடைசியில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு காம்பாக்ட். ஒரு கன்னத்துக்கு ஓர் அரிசி அளவு போதும், விரலால் தேய்க்காமல் ஒற்ற வேண்டும். பவுடர் என்றால் எல்லாம் முடிந்த பிறகு, சிறிய ப்ரஷ்ஷில் எடுத்து ஒருமுறை தட்டிவிட்டுப் போடுவது. கன்ன எலும்பின் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்கி, கருவிழிக்கு நேர்க்கோட்டில் நிறுத்திவிடுங்கள். மூக்குப் பக்கம் போனால் துளைகள்தான் மின்னும். மலிவுப் பவுடர்களில் துகள் பருமனாக இருந்தால் இது இன்னும் மோசம்.

மாநிறத்துக்கு ஷாம்பெயின் கோல்டு, ரோஸ் கோல்டு. கருமைக்கு வெண்கலம், செம்பு. வெள்ளிச் சாயல் சாம்பல் பூசியதுபோலத் தெரியும். கடை விளக்கை நம்பாமல் வெளிச்சத்துக்கு வந்து முகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒளி படாத கோணத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த நிறம் உங்களுக்கானதல்ல. சில மாதங்களில் பவுடரின் மேல் பளபளப்பான கெட்டிப் படலம் வந்து ப்ரஷ்ஷில் ஒட்டாமல் போகும். கெட்டுப்போகவில்லை, சரும எண்ணெய் படிந்திருக்கிறது. செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

பூவாசனையில் விலை வேறு மாதிரி விளையாடுகிறது. மலிவு பெர்ஃப்யூமில் நிஜ மல்லிகைச் சாறு இருக்க வழியில்லை, அவ்வளவு விலை. பென்சைல் அசிடேட் போன்ற சில செயற்கைப் பொருள்களைக் கொண்டுதான் மல்லியைக் காட்டுகிறார்கள். குண்டுமல்லியின் கனத்துக்குக் காரணமான இண்டோல் குறைந்தால் சோப்பு வாசம், கூடினால் பாச்சை உருண்டை. ரோஜாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. பன்னீரில் நாம் முகர்வதில் பெரும்பங்கு ஃபெனைல் எத்தில் ஆல்கஹால் என்ற ஒரே பொருள், அது மலிவாகவே கிடைக்கிறது. லில்லி ஆஃப் தி வேலி பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்கவே முடியாது என்பதால், விலை உயர்ந்த பாட்டிலிலும் அது செயற்கைதான்! ஆகவே பட்ஜெட்டுக்குள் ரோஜா அல்லது லில்லி ஆஃப் தி வேலி. மல்லியைப் பூக்காரரிடமே முழம் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பாடி மிஸ்ட்டில் வாசனைப் பொருள் பொதுவாக 1 முதல் 3 சதவீதம், ஈ.டி.டி (ஓ டி டாய்லெட்) என்ற பெர்ஃப்யூம் வகையில் 5 முதல் 15 வரை. மிஸ்ட் பாட்டில் பெரிதாக இருப்பதைப் பார்த்து லாபம் என்று எண்ண வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். அலுவலகத்துக்கு ஈ.டி.டி இரண்டு ஸ்ப்ரே சரி. அத்தர் எண்ணெயில் இருப்பதால் மெதுவாக ஆவியாகி நீண்ட நேரம் நிற்கும். காதின் பின்னால் ஒரு தொடுதல் போதும். நெரிசலான பஸ்ஸில் அதற்கு மேல் போனால் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி. வியர்வையின் மேல் எதை அடித்தாலும் இரண்டும் கலந்து கெடும், துடைத்துக் காய்ந்த பிறகுதான்.

கடையில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். அடித்தவுடன் வருவது மேல்வாசம் மட்டும். அரை மணி கழித்து மணிக்கட்டில் மிஞ்சுவதைப் பார்த்து வாங்குங்கள். பட்டுப்புடவை கட்டும் நாளில் ஈ.டி.டி-யோ அத்தரோ, புடவைக்கு முன்பே உடம்பில் போட்டுக் காயவிட வேண்டும். இரண்டுமே பட்டில் கறை விடும், ஜரிகையில் நேராக அடித்தால் அது மங்கவும் செய்யும்.