அமெரிக்க நர்சிங் ஹோம்களும் யுஎஸ்பிஎஸ் முகவரி மாற்றச் சேவையும்: உள்ளே போகும் தபால், வெளியே வராத தபால்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் சொல்கிற பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி அல்ல. முதியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். அப்பாவையோ அம்மாவையோ அங்கே சேர்க்கும் வாரத்தில் மருந்துப் பட்டியல், மாற்றுத் துணி, காது மெஷின் பேட்டரி என்று அலைவதிலேயே நேரம் போய்விடும். தபாலைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது. ஆனால் மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) புதுப்பிப்புப் படிவமும் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் துறை) நோட்டீசும் அந்தத் தபாலில்தான் வரும். சோஷியல் செக்யூரிட்டி ஒரு முடிவை அனுப்பினால், கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 5 நாளில் அது கைக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வார்கள். அதன்பின் மேல்முறையீட்டுக்கு 60 நாள். கடிதம் பழைய இல்லத்தின் மேஜையில் கிடந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே அமெரிக்க அஞ்சல் துறையின் (யுஎஸ்பிஎஸ்) முகவரி மாற்றச் சேவையை, அதாவது பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் சேவையை, இல்லவாசிகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்ற ஒரே கோணத்தில் பார்க்கலாம். சொந்த வீட்டிலிருந்து இல்லத்துக்குப் போகும்போது இது நல்ல சேவை. ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இன்னொன்றுக்கோ, மகள் வீட்டுக்கோ போகும்போது இதை நம்பவே கூடாது.

காரணம் அஞ்சல் விதியில் இருக்கிறது. பெரும்பாலான நர்சிங் ஹோம்களில் தபால்காரர் மொத்தக் கட்டையும் முன்மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அஞ்சல் துறையின் கணக்கில் பட்டுவாடா அத்தோடு முடிந்தது. ஹோட்டல், பள்ளி, மருத்துவமனை, இல்லம் போன்ற இடங்களில் தங்கியிருந்தவர் போய்விட்டால், அவர் பெயருக்கு வரும் கடிதத்தைப் புது முகவரிக்குத் திருப்பிவிட வேண்டியது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. புது முகவரி தெரியாவிட்டால் தபால் நிலையத்துக்கே திருப்பித் தர வேண்டும். நீங்கள் முகவரி மாற்றத்துக்கான 3575 படிவத்தை எவ்வளவு சரியாக நிரப்பிக் கொடுத்தாலும், மொத்தக் கட்டிடத்துக்கும் ஒரே பட்டுவாடா இடம் என்றால் அது பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் பூட்டுப் போட்ட தனித் தபால் பெட்டி இருக்கிற அசிஸ்டட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் குடியிருப்பு) வளாகங்களின் நிலை வேறு. அங்கே வேலை செய்யும். சேர்க்கும் நாளிலேயே ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தபால்காரர் ஒவ்வொருவர் பெட்டியிலும் போடுகிறாரா, எல்லாவற்றையும் உங்களிடம் தருகிறாரா? தபால் உறைகளின் படத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் காட்டும் இன்ஃபார்ம்ட் டெலிவரி என்ற இலவச வசதிக்கும் இதே சிக்கல்தான். அறைக்கு அறை தனிக் குறியீடு இல்லாத கட்டிடத்தில் அது கிடைக்காது.

படிவத்துக்கு வருவோம். தபால் நிலையத்தில் நேரில் கொடுத்தால் இலவசம். இணையத்தில் செய்தால் அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு டாலர் சொச்சம் கட்டணம். இதே வேலைக்கு நாற்பது, எண்பது டாலர் கேட்கிற இடைத்தரகர் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், அவற்றைத் தொடாதீர்கள். இணையவழிச் சரிபார்ப்பு கைப்பேசி எண்ணையும் வங்கி அட்டையில் பதிவான முகவரியையும் நம்பி இருப்பதால் எண்பது வயதுக்காரருக்கு அடிக்கடி தட்டிவிடும். பவர் ஆஃப் அட்டர்னி (பெற்றோர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும்) பத்திரத்தையும் உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரில் போவதே மேல்.

‘தனிநபர்’, ‘குடும்பம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அம்மா மட்டும் இல்லத்துக்குப் போக, அப்பா வீட்டிலேயே இருக்கிறார் என்றால் தனிநபரைத்தான் தேர்வு செய்ய வேண்டும். குடும்பம் என்று குறித்தால், அதே குடும்பப் பெயர் உள்ள அப்பாவின் மின்கட்டண பில்லும் அம்மாவின் பின்னாலேயே போய்விடும். நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தகப்பன் பெயரும் கணவன் பெயரும் குடும்பப் பெயராக நிற்பதால், இருவரும் சேர்ந்தே போனாலும் குடும்பக் கட்டம் ஒருவரை விட்டுவிடும். ஆளுக்கொரு தனிநபர் படிவம் கொடுங்கள். வங்கியில் ‘மீனாட்சி எஸ்’, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ‘மீனாட்சி சுப்பிரமணியன்’, ஆஸ்பத்திரியில் ‘மீனாட்சி மீனாட்சி’ என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் ஓடினால், ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. திருப்பிவிடுவது பெயரை ஒப்பிட்டுத்தான் நடக்கிறது.

படிவம் கொடுத்தபின் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வகுப்புத் தபாலை (சாதாரணக் கடிதம், பில் போன்றவை) 12 மாதம் திருப்பிவிடுவார்கள். பத்திரிகைகளை 60 நாள்தான். விளம்பரத் தபால் வராது, அதில் இழப்பில்லை. 13 முதல் 18ஆம் மாதம் வரை கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும், புது முகவரி ஒட்டப்பட்டு. அதன்பின் முகவரியும் இல்லாமல் திரும்பும். 12 மாதம் முடியுமுன் பணம் கட்டி 6, 12 அல்லது 18 மாதம் நீட்டிக்கலாம். ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை என்றால் இதெல்லாம் வேண்டாம். தற்காலிக மாற்றத்துக்குக் குறைந்தது 15 நாள் வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பும் பிரீமியம் சேவை வாரத்துக்கு இருபது டாலருக்கு மேல் பிடுங்கும். இல்லவாசிக்கு அது தேவையே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் சில கடிதங்கள் வராது. உறையின் மேல் ‘ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்’ என்று அச்சிட்டிருந்தால், முகவரி மாற்றம் பதிவாகியிருந்தாலும் அது உங்களிடம் வராது, அனுப்பியவரிடமே போகும். வங்கி அட்டைகள், வாக்குச்சீட்டுகள், சில அரசு நோட்டீசுகள் இந்த வகை. அரசு அலுவலகத்துக்குத் திரும்பிய கடிதம் ‘ஆளைக் காணவில்லை’ என்று பதிவாகும். மெடிகெய்ட் அப்படித்தான் நின்றுபோகிறது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் முகவரியைத் தனியாக மாற்றத்தான் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டியில் மாற்றினால் மெடிகேருக்கும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அதுவே போகும். வருமான வரிக்கு 8822 படிவம். ஒரு எச்சரிக்கை: பவர் ஆஃப் அட்டர்னியை சோஷியல் செக்யூரிட்டி ஏற்காது. பெற்றோர் தாமே பேச முடிந்தால் 1-800-772-1213ல் அழைத்து மாற்றலாம். முடியாவிட்டால் பிள்ளை ரெப்ரசென்டேடிவ் பேயீ (பெற்றோருக்காகப் பணத்தைப் பெற்று நிர்வகிப்பவர்) ஆக விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனை ஓட்டைகளையும் அடைக்கும் வழி ஒன்று உண்டு. முக்கியமான தபாலை இல்லத்துக்குப் போகவே விடாதீர்கள். பெற்றோரின் சம்மதத்தோடு, வீட்டிலிருந்து கிளம்பும் அன்றே முகவரி மாற்றத்தைக் கணக்குவழக்கு பார்க்கும் பிள்ளையின் வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்து எத்தனை இல்லம் மாறினாலும் தபால் அசையாது. பிள்ளையே வீடு மாறினாலும் அது குடியிருப்பு முகவரி என்பதால் மறுபடியும் திருப்பிவிட முடியும். மெடிகெய்ட் விண்ணப்பத்தில் வசிக்கும் இடமாக இல்லத்தையும், தபால் முகவரியாகப் பிள்ளை வீட்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் பிள்ளை வீட்டை வசிப்பிடமாக எழுதினால் தகுதியே கேள்விக்குள்ளாகும். அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாக உங்களைப் பதிவு செய்துவிட்டால் நோட்டீசின் நகல் உங்களுக்கும் வரும். பொங்கல் வாழ்த்து, பேரப்பிள்ளை வரைந்த படம் இதெல்லாம் இல்லத்துக்கே போகட்டும். தம் பெயருக்கு ஒரு கடிதம் வருவது அங்கே இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஏற்கெனவே இல்லத்து முகவரிக்குத் தபால் வர ஆரம்பித்துவிட்டதா? மாறும் நாளில் தாளுக்கு 30 ஒட்டுச்சீட்டு உள்ள லேபிள் தாள் ஒன்றில் புது முகவரியை அச்சிட்டு, இல்லத்தில் தபாலை ஆளுக்கு ஆள் பகிர்ந்து கொடுப்பவர் கையிலேயே கொடுங்கள். பல இல்லங்களில் அந்த வேலையைப் பார்ப்பது ஆக்டிவிடீஸ் (பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள்) பிரிவு ஊழியர். பெயர் தெரியும்படி பழைய முகவரியை மட்டும் அடித்துவிட்டு லேபிளை ஒட்டித் தபாலில் போட்டால் போதும். முதல் வகுப்புக் கடிதத்தின் உறையைத் திறக்காத வரை புது ஸ்டாம்பு வேண்டாம்.

இதில் பலரும் கோட்டை விடுவது பார்கோடில். உறையின் முன்பக்கம் முகவரிக்கு அருகிலோ கீழ் ஓரத்திலோ 65 சிறு கோடுகள் வரிசையாக நிற்கும்; பின்பக்கம் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு வரிசை இருக்கும். தபாலை ஊர்வாரியாக வகைப்படுத்தும் இயந்திரம் படிப்பது இவற்றைத்தான். கையால் எழுதிய புது முகவரியை அது பார்க்காமல், கோட்டைப் படித்து அதே இல்லத்துக்கு மறுபடி அனுப்பிவிடும். ஒரே உறை மூன்று முறை திரும்பி வந்தால் காரணம் அதுதான். தடித்த கறுப்பு மார்க்கரால் இரண்டு பக்கமும் கோடுகளை முழுதாக மறைக்கச் சொல்லுங்கள்.

இல்லம் இதையெல்லாம் உபகாரமாகச் செய்யவில்லை. கூட்டரசு விதிப்படி இல்லவாசிக்குத் தபாலைப் பிரிக்காமல், உடனடியாகப் பெறும் உரிமை உண்டு. உடனடி என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள், சனிக்கிழமைத் தபாலும் சேர்த்து. கணக்குப் பிரிவு அனுமதியில்லாமல் உறையைப் பிரிப்பதும் தவறு. முதலில் சோஷியல் வொர்க்கரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு. சரியாகாவிட்டால் ஆம்பட்ஸ்மனை (இல்லவாசிகளின் புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) அழையுங்கள். அந்த எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டி வைத்திருக்க வேண்டியது ஒவ்வொரு நர்சிங் ஹோமின் கடமை.