ட்ரோம்சோவில் ஒரு பகல்: முதலில் மலையா, அருங்காட்சியகமா?

நார்வேயின் வடகரையை ஒட்டிச் செல்லும் சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை ட்ரோம்சோ நகரத்தில் ஒரு பகல் நின்று போகின்றன. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும், அட்லாண்டிக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் இந்தத் துறைமுகம் கடுங்குளிரிலும் உறைவதில்லை. நகரத்தின் மையம் ஒரு தீவில் இருக்கிறது. கிழக்கே பாலத்துக்கு அப்பால் பெருநிலம், மேற்கே மலைகள் நிறைந்த குவாலோயா தீவு. கப்பலிலிருந்து இறங்குபவருக்குக் கிடைப்பது ஏழெட்டு மணி நேரம்தான். அந்த நேரத்துக்குப் போட்டியிடுபவை முக்கியமாக இரண்டு: பெருநிலத்துப் பக்கம் ரோப் காரில் ஏறும் ஸ்டோர்ஸ்டைனன் மலை, தீவுப் பக்கம் துருவ அருங்காட்சியகம். தாவரவியல் பூங்காவும் கப்பல் நிறுவனங்கள் நடத்தும் பேருந்துச் சுற்றுலாக்களும் அடுத்த நிலையில் வருகின்றன.

எதைப் பார்ப்பது என்று முடிவெடுக்கும் முன், கப்பல் எந்தத் துறையில் நிறுத்தப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ப்ரோஸ்ட்னெசெட் துறை நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. இறங்கியவுடன் கடைத்தெருவுக்கு நடந்துவிடலாம். பெரிய கப்பல்கள் நிற்கும் ப்ரெய்விகா துறையோ நகர மையத்துக்கு வடக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்துக்குக் காத்திருப்பது, ஏறுவது, திரும்பி வருவது என்று கணக்கிட்டால் எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது கழிந்துவிடும். பயணத்திட்டத் தாளில் வெறுமனே ‘ட்ரோம்சோ’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி நிமிடக் கணக்கில் திட்டம் போடுவது நல்லதல்ல.

மலையைப் பற்றி முதலில் பார்ப்போம். ரோப் கார் 1961-இல் தொடங்கப்பட்டது. ட்ரோம்ஸ்டாலன் குடியிருப்பிலிருந்து கடல்மட்டத்துக்கு 421 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டோர்ஸ்டைனன் விளிம்புக்கு நான்கைந்து நிமிடங்களில் போய்விடுகிறது. மேலிருந்து பார்க்கும்போது முழு நகரமும் ஒரு தாழ்ந்த பச்சைத் தீவாகக் கிடக்கிறது. அதையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம், நீரின் குறுக்கே கட்டிய கயிறு போலத் தெரிகிறது. தீவுக்கு அப்பால் குவாலோயாவின் மலைகள் கோடைகாலத்திலும் பனித்திட்டுகளோடு நிற்கின்றன. முதுகுப்புறம் திரும்பினால் 1,238 மீட்டர் உயரமுள்ள ட்ரோம்ஸ்டால்ஸ்டிண்டன் சிகரம். இந்த ஊரின் அமைப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் இது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் இந்த இடத்துக்கு இரண்டு பெரிய இடையூறுகள் உண்டு. ஒன்று மேகம். 421 மீட்டர் என்பது பெரிய உயரமல்ல. ஆயினும் கடலோர மேகம் அதற்கும் கீழே இறங்கும் நாட்கள் இங்கே பல. அப்படிப்பட்ட நாளில் பணம் கொடுத்து ஏறுபவருக்கு வெண்புகையைத் தவிர எதுவும் தெரியாது. காற்று பலமாக அடித்தால் சேவையையே நிறுத்திவிடுவார்கள். மற்றொன்று வரிசை. இரண்டு கப்பல்கள் ஒரே காலையில் வந்தால், இறங்கும் எல்லோரும் முதல் வேலையாக இங்கேதான் வருகிறார்கள்; ஏறுவதற்கு நிற்கும் நேரத்தைவிட, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில் இறங்குவதற்கு நிற்கும் நேரமே மனத்தை வாட்டும். உடல்வலு உள்ளவர்கள் நேபாளத்து ஷெர்பாக்கள் கட்டிக்கொடுத்த 1,200-க்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏறிப் போகலாம். இமயமலையில் பாதை கட்டிப் பழகிய கைகள் அடுக்கிய கற்கள் என்பதால், முழங்கால் அனுமதித்தால் இந்த வழியை நான் பரிந்துரைப்பேன். மழை பெய்த நாளில் மட்டும் வேண்டாம்.

மலைக்குப் போகும் வழியில், பாலத்தின் கிழக்கு முனைக்கு அருகில், ஆர்க்டிக் பேராலயம் என்று எல்லோரும் அழைக்கும் வெண்ணிறக் கோயில் இருக்கிறது. உண்மையில் இது பேராலயமல்ல, ட்ரோம்ஸ்டாலன் பங்கின் தேவாலயம். ஆயரின் பேராலயம் தீவின் நடுவில் 1861-இல் மரத்தால் கட்டப்பட்டது. 1965-இல் திறக்கப்பட்ட இந்தக் கோயிலை வடிவமைத்தவர் யான் இங்கே ஹோவிக். பக்கத்துக்குப் பதினொன்றாக, அலுமினியம் போர்த்திய காங்கிரீட் பலகைகளை உயரம் மாற்றிச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார். அடுத்தடுத்த பலகைகளுக்கு இடையிலுள்ள கண்ணாடிக் கீற்றுகளின் வழியாக ஒளி உள்ளே ஒழுகுகிறது. கிழக்குச் சுவரை நிறைக்கும் வண்ணக் கண்ணாடி ஓவியம் 1972-இல் விக்டர் ஸ்பாரே செய்தது. அரைமணி நேரம் போதும். கப்பல் நாட்களில் நுழைவுக் கட்டணத்தைப் பார்த்து வெளியே நின்று படமெடுத்துத் திரும்புபவர்கள் பலர். அவர்கள் இழப்பது அந்தக் கிழக்கு ஒளியை.

துருவ அருங்காட்சியகம் இவற்றுக்கு நேர்மாறானது. 1830-களில் எழுந்த சுங்கக் கிடங்கு ஒன்றில், தாழ்ந்த கூரைக்கும் மங்கிய விளக்குகளுக்கும் இடையில் இருக்கிறது. ப்ரோஸ்ட்னெசெட்டிலிருந்து கடற்கரையோரமாகப் பத்து நிமிட நடை. வெளியிலிருந்து பார்த்தால் கவர்ச்சி எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது, எதைத் தின்று வளர்ந்தது என்ற கேள்விக்கு மலையுச்சியில் கிடைக்காத பதில் இங்கே கிடைக்கிறது. சீல், வால்ரஸ், பனிக்கரடி ஆகியவற்றை வேட்டையாடிய கப்பல்கள் ஆண்டுதோறும் இந்தத் துறையிலிருந்துதான் பனிக்கடலுக்குப் புறப்பட்டன. வடக்கே பனிக்கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் குளிர்காலம் முழுவதும் தங்கி வேட்டையாடியவர்களின் குடில், தோல் ஆடைகள், சீல்களின் மண்டையில் அடிக்கும் கொக்கிக் கம்பு எல்லாம் மறைப்பின்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே ஒரு பொருளின் முன் கட்டாயம் நிற்க வேண்டும். பார்வைக்கு அது முக்காலியில் ஏற்றிய சாதாரண மரப்பெட்டி. உள்ளே குழல் அறுத்துக் குட்டையாக்கிய துப்பாக்கி. அதன் விசையிலிருந்து ஒரு கயிறு பெட்டியின் வாயிலுள்ள இரைத்துண்டுக்குப் போகிறது. பனிக்கரடி தலையை நுழைத்து இரையை இழுத்த அந்தக் கணமே குண்டு தலையில் பாயும். வேட்டைக்காரர் தன் குடிலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். தாய்க்கரடி இப்படி விழுந்தால் குட்டிகள் என்ன ஆகும் என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது. தன் வாழ்நாளில் 713 கரடிகளைக் கொன்ற ஹென்றி ரூடியின் பெயரையும், ட்ரோம்சோவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு 1932-இல் ஸ்வால்பார்டுக்கு வேட்டையாடப் போன வான்னி வோல்ட்ஸ்டாட் என்ற பெண்ணின் பெயரையும் இந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு படித்தால், வியப்பும் வருத்தமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்து வருகின்றன. 1973-இல்தான் அந்த வேட்டைக்குத் தடை வந்தது.

அமுண்ட்செனின் கதையும் இங்கேதான் முடிகிறது. தென் துருவத்தை முதலில் அடைந்த அவர், விபத்துக்குள்ளான ‘இத்தாலியா’ வான்கப்பலில் சென்றவர்களைத் தேடி, 1928 ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு லாதம் 47 நீர்விமானத்தில் ட்ரோம்சோவிலிருந்து பறந்தார், திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து விமானத்தின் மிதவை ஒன்று கரையோரக் கடலில் அகப்பட்டது. சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1978 ஜூன் 18 அன்று இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முழுவதையும் பார்த்துவிடலாம். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். வேட்டைக் காட்சிகள் கடுமையானவை.

ஆகவே கோடையில் வருபவருக்கு நான் சொல்வது, அருங்காட்சியகம் முதலில், மலை பிற்பாடு என்பதே. பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள், வெளிச்சம் போய்விடும் என்ற நம் ஊர்ப் பழக்கத்தில். ஆனால் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. காலை பத்து மணிக்குக் கிடைக்கும் காட்சி மாலை நான்குக்கும் கிடைக்கும், வரிசையும் குறைந்திருக்கக்கூடும். காலை மேகம் விலகவும் நேரம் கிடைக்கிறது. வழியும் அப்படியே அமைந்திருக்கிறது: அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தால் 1960-இல் திறந்த பாலத்தின் அடி சில நிமிட நடைதான், 1,036 மீட்டர் நீளமுள்ள அதை நடந்தே கடந்தால் தேவாலயம், அங்கிருந்து கால்மணி நடையில் ரோப் கார். பாலத்தின் நடுவில் காற்று வெட்டும் என்பதால் காதை மூடும் தொப்பி ஜூலையிலும் தேவை.

குளிர்காலத்தில் வருபவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த மங்கல் ஒளி மட்டுமே இருக்கும். அந்த நேரத்தை மலைக்குக் கொடுத்துவிட்டு, இருண்ட பிறகு அருங்காட்சியகத்துக்குள் நுழைவதே முறை. அதன் மூடும் நேரத்தை மட்டும் முன்னரே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ப்ரெய்விகாவில் இறங்கி, நகரத்துக்குப் போய்வர மனமில்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1994-இல் திறக்கப்பட்ட, உலகின் வடகோடித் தாவரவியல் பூங்கா இது, கட்டணம் கிடையாது. பாறைகளுக்கிடையே இமயமலையின் நீலப் பாப்பி பூத்திருப்பதைக் காணலாம். பனி மூடிய மாதங்களில் இங்கே பார்க்க எதுவுமில்லை. கப்பல் நிறுவனங்களின் சுற்றுலாக்களுக்கு உள்ள ஒரே பெரிய பலம், பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும் என்பது. தனியாகச் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே கப்பலில் ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மலையிலிருந்து கீழே வந்திருக்க வேண்டும். நடக்க இயலாத முதியவர்களோடு வருபவர்கள் பேருந்தையே தேர்ந்தெடுப்பது சரி. மற்றவர்களுக்கு அந்தச் செலவு தேவையற்றது.

ரோப் காரை அமைத்தது துருவக் கடலில் கப்பலோட்டியும் சீல் வேட்டையாடியும் வளர்ந்த யாகோப்சென் சகோதரர்கள் என்ற கப்பல் நிறுவனம். அதன் இரண்டு பெட்டிகளுக்கும் ‘சீல்’, ‘பனிக்கரடி’ என்றே பெயர். காலையில் நேராக மலைக்கு வருபவர் காதில் அவை குழந்தைகளுக்கு வைத்த செல்லப் பெயர்களாக விழும். அந்த மரப்பெட்டியைப் பார்த்துவிட்டுப் பாலத்தைக் கடந்து வருபவர், எந்தப் பெட்டி தம்மை ஏற்றிச் செல்ல வருகிறது என்று கவனிப்பார்.