ஒன்பதாவது குழியில் நின்றுபோன 3018: ஒரு சிஎன்சியோடு மூன்று வருடம்

பல்லாங்குழிப் பலகைக்கு 14 குழி. கம்ப்யூட்டர் சொல்படி மரம் குடையும் என் சின்ன சிஎன்சி இயந்திரம் 3018, முதல் பலகையில் எட்டுக் குழியை ஒழுங்காகத் தோண்டிவிட்டு, ஒன்பதாவதன் நடுவில் அப்படியே நின்றது. வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். தேக்கு கருகும் வாசம் வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் மிளகளவு கரும்புள்ளி, லேப்டாப் திரையில் இணைப்பு போய்விட்டது என்று ஒரு செய்தி. இயந்திரம் வாங்கி அப்போது இரண்டு மாதம்.

3018 என்றால் படுக்கை 300க்கு 180 மில்லிமீட்டர். 24 வோல்ட்டில் ஓடும் 775 மோட்டார்தான் ஸ்பிண்டில். போர்டில் அசைவுகளை நடத்தும் ஜிஆர்பிஎல் என்ற நிரல், கம்ப்யூட்டரோடு யூஎஸ்பியில் பேச சிஎச்340 சிப். பொழுதுபோக்குக்காக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறோம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று வருடமாக ஓடுகிறது. மரத்தில் பெயர்ப்பலகை, கோலத் தட்டு, பல்லாங்குழி எல்லாம் செய்திருக்கிறேன். வெட்டும் தரத்தில் பெரிய குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அந்த ஒன்றரை மீட்டர் நீல யூஎஸ்பி வயரில்தான் இருந்தது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முழு வேலையையும் வாங்கி வைத்துக்கொண்டு போர்டு ஓடுவதில்லை. கம்ப்யூட்டர் வரிவரியாக அனுப்ப, 128 பைட் கொள்ளும் சின்னப் பையில் வாங்கி, 15, 16 அசைவுகளை மட்டும் முன்கூட்டித் திட்டமிட்டுக்கொண்டு போகிறது. குழி மாதிரி வளைவான வேலையில் ஒவ்வொரு அசைவும் துண்டு துண்டாக இருக்கும். கையிருப்பு ஓரிரு நொடியில் தீர்ந்துவிடும். அடுத்த வரி வராவிட்டால் அது பொறுமையாகக் காத்திருக்கும். ஸ்பிண்டிலை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, அதனால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத்தான் இந்த வகை இயந்திரத்தின் உண்மையான ஆபத்து என்பேன். பலகை வீணாவதைக்கூட விடுங்கள், மரத்தூள் குவியலுக்கு நடுவே ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும் பிட் தீயில் கொண்டுபோய் விட்டுவிடும்.

முதல் ஆறு மாதம் நான் செய்தது வைத்தியம் இல்லை, செலவு. கேபிளை மாற்றினேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். விண்டோஸ் பவர் செட்டிங்கில், சும்மா இருக்கும் போர்ட்டைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி சஸ்பெண்டை நிறுத்தினேன். ஆளாளுக்கு இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நொடிக்குப் பல தடவை நிலவரம் கேட்டுக்கொண்டே இருக்கும் போர்ட் எங்கே தூங்கப்போகிறது? லேப்டாப்பே தூங்கிப்போவதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வரிகளை அனுப்பும் மென்பொருளையும் கேண்டிலிலிருந்து யுனிவர்சல் ஜிகோட் செண்டருக்கு மாற்றிப் பார்த்தேன். எதை மாற்றினாலும் நாலு நாள் ஓடும், ஐந்தாம் நாள் நிற்கும். நாலு நாள் ஓடியதும் இதுதான் காரணம் என்று மனசு முடிவு கட்டிவிடும்.

திருப்பம் வந்தது பழைய லினக்ஸ் லேப்டாப்பை மாட்டியபோது. அதிலும் ஒரு சிக்கல்: பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் சிஎச்340-ஐத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது. எனக்கு அது தேவையில்லை என்பதால் நீக்கினேன், போர்ட் வந்துவிட்டது. அடுத்த முறை இயந்திரம் நின்றபோது லினக்ஸ் தனக்குள் எழுதிவைக்கும் கெர்னல் பதிவைத் திறந்தால், போர்ட்டை ஹப் துண்டித்தது என்ற வரியின் நடுவே 'இஎம்ஐ?' என்று கேள்விக்குறியோடு இருந்தது. மாதத் தவணை கட்டுகிறவனுக்கு அந்த மூன்றெழுத்து இரண்டு நொடி வயிற்றைக் கலக்கியது. அது மின்காந்த இடையூறு என்பதன் சுருக்கம். போர்டோ மென்பொருளோ மயங்கவில்லை. வயருக்குள் வெளியிலிருந்து ஏதோ புகுந்து யூஎஸ்பியையே உதறிவிடுகிறது.

அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சோதிக்க ஆரம்பித்தேன். ஸ்பிண்டில் வயரைக் கழற்றிவிட்டு, மரமே வைக்காமல் அதே பல்லாங்குழி ஃபைலைக் காற்றில் ஓட்டினேன். இரண்டு மணி நேரம், ஒரு தடவையும் நிற்கவில்லை. ஸ்பிண்டிலை மாட்டினேன், 40 நிமிடத்தில் நின்றது. ஸ்பிண்டில் அப்படியே ஓட, லேப்டாப் சார்ஜரை மட்டும் உருவிவிட்டு ஓட்டினேன். பேட்டரி தீரும்வரை நிற்கவில்லை.

ஆக, மோட்டார் பிரஷ்ஷின் பொறி ஒரு பக்கம், சார்ஜர் வழியாக ஏதோ ஒன்று இன்னொரு பக்கம். இயந்திரத்தின் அலுமினிய ஃபிரேமில் டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. வெறுங்காலோடு தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல இருந்ததற்கு இதுதான் காரணம். அதுவரை இயந்திரத்தின் அதிர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயின்ட்டைத் திறந்து பார்த்தார். சிரிக்காமல் சொன்னார்: "பின்னு இருக்குங்க சார், அதுலே எர்த்துதான் இல்ல." மாடி அறையை இழுத்துக் கட்டியபோது எர்த் வயரைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் கசியவிடும் சின்ன மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வழியில்லை. அதனால் யூஎஸ்பி வயரின் உறை வழியாக என் லேப்டாப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

புது வயர் இழுத்து, உப்பும் கரியும் போட்ட எர்த் குழியோடு சேர்த்தார். இயந்திரம், லேப்டாப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினேன். வாரத்துக்கு இரண்டு தடவை நின்றது, மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. பிரஷ் பொறியின் இடையூறை அடக்க மோட்டார் முனைகளுக்கு நடுவே ஒரு 104 கெப்பாசிட்டர், ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு ஒன்று என மொத்தம் மூன்று பற்றவைத்தேன். ஸ்பிண்டில் வயரையும் யூஎஸ்பி வயரையும் ஒரே கட்டாகக் கட்டி அழகு பார்த்திருந்தேன், அதைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக விட்டேன். கடைசியாக ஏடியுஎம்3160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போட்டேன். கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே மின்தொடர்பை வெட்டிவிட்டுத் தகவலை மட்டும் கடத்தும். நொடிக்கு 12 மெகாபிட்தான் வேகம், ஜிஆர்பிஎல் பேசும் 115200 பிட்டுக்கு அது தாராளம். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் இதை மட்டும் வாங்கிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இணைப்பு அறாமல் இருக்கும், விரலில் ஊரும் எறும்பு அப்படியேதான் இருக்கும்.

மிச்சமிருந்த மாதத்துக்கொரு தடவை, மரத்தூளை உறிஞ்சும் வேக்குவம் குழாயின் வேலை. பிளாஸ்டிக் குழாயில் காய்ந்த தூள் ஓடினால் நிலைமின்சாரம் ஏறிக்கொள்ளும். குழாய் நெடுக ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் முடிந்தேன். அதற்குப் பிறகு, ஒன்றரை வருடமாக, இரண்டே தடவைதான் நின்றிருக்கிறது. ஒன்று போர்டின் யூஎஸ்பி சாக்கெட் ஆடிப்போனதால். வயரை ஃபிரேமோடு டை போட்டு இறுக்கியதும் சரியாகிவிட்டது. இன்னொன்று, யாரோ சார்ஜர் சுவிட்சை அணைத்துவிட்டார்கள்.

நான்கு மணி நேர வேலை என்றால் கம்ப்யூட்டரே இல்லாமல், மெமரி கார்டு போடும் ஆஃப்லைன் கண்ட்ரோலரிலேயே ஓட்டிவிடுகிறேன். என் போர்டில் அதையும் யூஎஸ்பியையும் சேர்த்து மாட்டக் கூடாது, இரண்டுக்கும் ஒரே சீரியல் பாதைதான். எப்படி ஓட்டினாலும் இப்போது அறையை விட்டு நகர்வதில்லை. காபி மேலே வந்துவிடும்.

நின்றுபோன வேலையைத் தொடரவும் ஒரு வழி வைத்திருக்கிறேன். மறுபடி இணைத்தவுடன் போர்டு ரீசெட் ஆகும். தன் இருப்பிடத்தைத் தானே கண்டுகொள்ள உதவும் ஹோமிங் சுவிட்ச் இல்லாத என் இயந்திரம், பிட் அப்போது எங்கே நிற்கிறதோ அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பலகையிலும் வெட்டிப்போகும் ஓரத்தில், தொடக்கப் புள்ளியில் ஒரு மில்லிமீட்டர் துளை ஒன்று முதலில் போட்டுவிடுவேன். நின்றால் பிட்டை அந்தத் துளைக்கே கொண்டுபோய் இறக்கிப் பூஜ்யம் வைத்து, விட்ட வரிக்குச் சற்று முன்னாலிருந்து ஓட்டலாம். அந்த முதல் பலகைக்கு இந்த யோசனை வரவில்லை. எட்டரைக் குழியோடு மேசையில் கிடக்கிறது. குழிக்கு ஓர் அளவாக ரவுட்டர் பிட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கரும்புள்ளிக் குழியில் மட்டும் ஒடிந்தவை.