பழைய பாத்ரூம் சுவரைப் பெயிண்டரிடம் ஒப்படைக்கும் முன்

திருநெல்வேலிப் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள், அதிலும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய வீட்டில் இருப்பவர்கள், பெயிண்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில். பாத்ரூம் ஆறுக்கு நாலு அடிதான். நாலடி உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேல் அஞ்சடி சுவர். பின்பக்கச் சுவர் அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை, மற்றவை பின்னால் சிமெண்ட் பூசியவை. மேடும் பள்ளமுமாக இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு பின்சுவரில் உப்பு பொரிந்து, பழைய பெயிண்ட் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. பூஞ்சை வாடை அவர்களுக்கு ஆகாது என்பதால் தீபாவளிக்குள் சரி செய்ய நினைத்தோம்.

தெரிந்தவர் சொல்லி ஒரு கான்ட்ராக்டர் வந்தார். உப்பு பூத்த இடத்தைக் காட்டி, "தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்லா?" என்று கேட்டேன். "நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதிய அண்ணாச்சி, பட்டி பாத்து வாட்டர்புரூப் எமல்ஷன் அடிச்சா கண்ணாடி கணக்கா ஆயிரும்" என்றார். சதுர அடிக்கு 35 ரூபாய், பொருளும் கூலியும் சேர்த்து.

வேலை நடக்கும்போது தூசி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. உதிர்கிற பழைய டிஸ்டெம்பர் (மலிவு ரகப் பெயிண்ட்) மேலேயே பட்டியை (சுவரை மட்டமாக்க இழுக்கும் மாவுப் பூச்சு) இழுத்துவிட்டார்கள் என்பது பின்னால் பெயர்ந்து விழுந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. பட்டியின் முதுகில் பழைய நீல நிறம் அப்படியே ஒட்டியிருந்தது.

முடித்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பில் 240 சதுர அடிக்கு, 8,400 ரூபாய். டேப் வைத்து நானே அளந்தேன். சுற்றளவு 20 அடி, டைல்ஸுக்கு மேல் அஞ்சடி, ஆக 100. மேல்தளம் 24. கதவைக் கழிக்காவிட்டாலும் 124 சதுர அடிதான். டைல்ஸ் பதித்த இடத்தையும் பெயிண்ட் அடித்த கணக்கில் சேர்த்து, அதற்கு மேல் 'சில்லறை வேலை' என்று ஒரு வரி. கேட்டதற்கு, எல்லோரும் இப்படித்தான் அளப்பார்கள் என்றார். பெயிண்ட் அடித்த பரப்பைத்தான் அளக்க வேண்டும். ரேட் பேசும்போதே அளவையும் எழுதி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா ஈரத்துணியால் சுவரைத் துடைத்தபோது துணியில் நிறம் இறங்கியது. நல்ல எமல்ஷன் காய்ந்த பிறகு அப்படி இறங்காது. எமல்ஷன் வாளியில் டிஸ்டெம்பரைக் கலக்கி அடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று எந்தப் பெயிண்ட் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கடை பில் உங்கள் பேரில் இருக்கட்டும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு சுமார் 60 சதுர அடி வரும். இவ்வளவு சின்ன அறைக்கு இரண்டு லிட்டர் போதும்.

ஐப்பசி மழை பிடித்ததும் பின்சுவரில் பட்டி உப்பி, பலகை பலகையாக விழுந்தது. போன் செய்தால், "பழைய வீடுல்லா, ஓதம் வரத்தான் செய்யும்" என்றார். பட்டி பார்த்தால் எல்லாம் சரியாகும் என்று சொன்ன அதே வாய். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

ஒரு கொத்தனாரை வைத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தோம். பொக்கென்று கேட்ட இடத்தைக் கொத்தியதும், ஹீட்டருக்குப் போகிற பைப்பின் ஜாயிண்டில் தண்ணீர் கசிவது தெரிந்தது. சுவருக்குள் ஊறும் தண்ணீர் செங்கலிலும் காரையிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வரும். அங்கே தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகி மேலே இருக்கிற பூச்சைத் தள்ளிவிடும். கசிவை அடைக்காமல் எவ்வளவு விலையுள்ள பெயிண்டை அடித்தாலும் நிற்காது. இது அந்தக் கான்ட்ராக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை, இதே தொழிலில் இருப்பவர். தெரிந்தே மூடிவிட்டுப் போனார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நீங்களே சோதிக்கலாம். ஒரு அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே நன்றாகக் குறையும்.

மேடு பள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்க மட்டமாக்கித் தருகிறேன் என்று கனமாகப் பட்டி அப்புகிறவர்களை நம்பாதீர்கள். வெள்ளை சிமெண்ட் பட்டி மெல்லிய இரண்டு கோட்டுக்கு மேல் தாங்காது. பெரிய பள்ளத்தைப் பூச்சில்தான் சரி செய்ய வேண்டும், பழைய காரைச் சுவர் என்றால் சுண்ணாம்புக் கலவையில். பளபளப்புப் பெயிண்டும் வேண்டாம், லைட் போட்டதும் ஒவ்வொரு மேடும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். கழுவக்கூடிய, மினுக்கம் குறைந்த எமல்ஷனே இந்த மாதிரிச் சுவருக்குப் பொருந்தும்.

பைப்பை மாற்றிவிட்டோம். பின்சுவர் இப்போது பூச்சில்லாமல் காய்கிறது. பில், போட்டோ, பெயர்ந்த துண்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் திரும்ப வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.