டிராகனை வானில் சந்திப்பதா, குகையில் சந்திப்பதா?

கதைமாந்தராக நடித்து ஆடும் மேசை ஆட்டமான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ஸின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில், வளர்ந்த சிவப்பு டிராகன் ஒரு சுற்றில் 80 அடி பறக்கும். 60 அடிக் கூம்பாக நெருப்பை உமிழும். திறந்த வெளியில் வாளேந்திய வீரர் அதை அண்ணாந்து பார்ப்பதோடு சரி. முதலில் எழும் அச்சம் விரைவில் சலிப்பாகிவிடும். குகையிலோ கூரை அதன் பறத்தலைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு ஈடாக, ஒவ்வொரு சுற்றிலும் இனிஷியேட்டிவ் (யார் முதலில் செயல்படுவது என்ற வரிசை) எண் 20 வரும்போது எரிகுழம்பு பீறிடுவதோ, நிலம் அதிர்வதோ, எரிமலை வாயு சூழ்வதோ நிகழ்ந்து, இடமே எதிரியாகிவிடுவதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வேலை இருக்கும். ஒரே விளைவு அடுத்தடுத்து வரக்கூடாது என்ற விதியும் நன்மையே. எனவே, வான்தாக்குதலை ஓரிரு சுற்று முன்னோட்டமாக மட்டும் வைத்து, இறுதி மோதலைக் குகையில் நடத்துவதையே நான் விரும்புவேன்.