டிப்ரஷனுக்கு 14 தெரபி செஷன் போய்வந்த பிழைதிருத்துநர் எழுதுவது

பிழை திருத்துவது என் பிழைப்பு. பாடநூல், ஆண்டறிக்கை, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற குறிப்புத்தாள் என்று எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவேன். போன வருஷம் அந்தப் பேனாவின் மூடியைத் திறக்கவே மனசு வரவில்லை. ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பேன், ஒன்றும் ஏறாது. விடிகாலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சோம்பேறித்தனம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். "இது சோம்பல் மாதிரி தெரியலைங்க" என்று டாக்டரிடம் இழுத்துப்போனது மனைவிதான். அவர் முதலில் தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பாராம். அதில் ஒன்றும் இல்லை. டிப்ரஷன் என்றார், பேசியே குணப்படுத்தப் பார்க்கும் தெரபிக்குப் போகச் சொன்னார்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். 50 நிமிஷத்தில் 40 நிமிஷம் அவரே பேசினார். "பாசிட்டிவா யோசிங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார், நடுவில் மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தார். இரண்டு செஷனோடு நிறுத்திவிட்டேன். 'நமக்கு இதுவும் சரிப்படாது' என்று அப்புறம் மூன்று வாரம் வீட்டிலேயே கிடந்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்னதே டிப்ரஷன்தான் என்பது பிற்பாடு புரிந்தது. முதல் தெரபிஸ்ட் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். செருப்பு கடித்தால் வேறு செருப்பு பார்ப்போமே தவிர, நடப்பதையா விட்டுவிடுவோம்?

நான் மார்க் போட வந்தது இரண்டாவது இடத்துக்கு. உட்கார்ந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பி.எச்.க்யூ-9 என்று பெயர், டிப்ரஷன் எவ்வளவு என்று அளக்கிற தாள். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. நடுத்தரத்தையும் தாண்டிய டிப்ரஷன் என்று அர்த்தம். ஜெராக்ஸ் தாளில் 'தூக்கமிண்மை' என்று மூன்று சுழி போட்டிருந்தது. கை சும்மா இருக்குமா, வட்டம் போட்டுவிட்டேன். தெரபிஸ்ட் அம்மா தாளைப் பார்த்துச் சிரித்தார். "கவனம் செலுத்த முடியலைன்னு 7-வது கேள்விக்கு 3 போட்டிருக்கீங்க. இந்த ண மட்டும் எப்படி சார் கண்ணுல பட்டுச்சு?" பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

9-வது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு 1 போட்டிருந்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். தூங்கி எழுந்திருக்காமலே போய்விட்டால் தேவலை என்று தோன்றும், அவ்வளவுதான் என்றேன். ஒருவர் முகம் மாறாமல் அதைக் கேட்டுக்கொண்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. அந்த நினைப்பு முற்றினால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று ஒரு அட்டையில் எழுதவைத்தார். இன்னும் பர்ஸில் இருக்கிறது.

அவர் செய்வது சி.பி.டி., எண்ணத்தையும் செயலையும் பிடித்து மாற்றப் பார்க்கும் தெரபி. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய முறை. டிப்ரஷனில் இருப்பவர் தன்னையும் உலகத்தையும் எதிர்காலத்தையும் ஒரே கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார், அப்படி ஓடும் எண்ணங்களை வெளியே எடுத்துச் சோதிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் முதல் மூன்று வாரம் என் எண்ணங்கள் பக்கமே அந்த அம்மா வரவில்லை. மணிவாரியாக என்ன செய்தேன், அதில் எவ்வளவு திருப்தி என்று 10-க்கு மார்க் போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பிறகு வேலை கொடுத்தார்: 15 நிமிஷத்துக்கு அலாரம் வைத்து அரைப் பக்கம் திருத்த வேண்டும், அலாரம் அடித்ததும் எழுந்துவிட வேண்டும். "மனசு வரட்டும், அப்புறம் செய்றேன்" என்றேன். "செய்யுங்க, மனசு பின்னாடி வரும்" என்றார். எத்தனை மார்க் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கச் சொன்னார். நான் எழுதியது 0. செய்து முடித்ததும் போட்டது 3. மூன்று மார்க்கெல்லாம் ஒரு மார்க்கா என்று கேட்பீர்கள். எனக்கு அன்றைக்கு அது நூறு.

ஆறாவது செஷனைத்தான் மறக்க முடியாது. ஒரு அறிக்கையின் தலைப்பில் எழுத்துப்பிழையை விட்டுவிட்டேன், அச்சாகியும் விட்டது. 'நான் எதற்கும் லாயக்கில்லை, இனி யாரும் வேலை தர மாட்டார்கள்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். "இதை வேற யாரோ எழுதித் தந்திருந்தா நீங்க எப்படித் திருத்துவீங்க?" கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு 'எதற்கும்' கீழே கோடு போட்டேன். 'இனி' என்றால் எதுவரைக்கும் என்று ஓரத்தில் எழுதினேன். 'யாரும்' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கடைசியில் தாளில் நின்றது இதுதான்: 'ஒரு தலைப்பில் பிழை விட்டேன். அச்சகத்தார் சலித்துக்கொண்டார். அடுத்த வேலையும் அனுப்பியிருக்கிறார்.' படித்தால் உற்சாகம் வருகிற வாக்கியமா? இல்லை. ஆனால் பிழையில்லை. 'பாசிட்டிவா யோசிங்க' என்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் பிடித்தேன்.

குறைகளும் உண்டு. கட்டணம் லேசானது இல்லை. முந்தின நாளே சொல்லாமல் வராமல் போனால் அதற்கும் காசு. ஒருமுறை வீடியோவில் பேசினோம். அழுகிற நேரம் பார்த்து நெட் போயிற்று, மறுபடி இணைப்பு கிடைத்தபோது அழுகையே நின்றுவிட்டது. நாலாவது செஷன் முடிந்து இரண்டு நாள் முன்னைவிட மோசமாக இருந்தேன். இப்படியும் ஆகும் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஹோம்வொர்க்கைப் பாதி வாரம் செய்யவில்லை. அதற்கு அவர் திட்டவில்லை, எது தடுத்தது என்றுதான் கேட்டார். பழைய கதைகளை ஆற அமரப் பேச ஆசைப்படுகிறவருக்கு இந்த முறை வறட்டு முறையாகத் தோன்றலாம். இழப்பு, குடும்பச் சண்டை, வாழ்க்கை திடீரென்று மாறிப்போவது போன்றவற்றை மையமாக வைத்துப் பேசும் ஐ.பி.டி. என்று ஒரு முறை இருக்கிறது. அவர்கள் அதை விசாரிக்கலாம்.

அவர் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுத மாட்டார். முதல் வாரமே சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்பினார். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கவே சில வாரம் ஆகும். டிப்ரஷன் கடுமையாக இருந்தால் மருந்து மட்டும், பேச்சு மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தால்தான் பலன் அதிகம். ஆகவே நான் போடுகிற மார்க்கில் மாத்திரைக்கும் ஒரு பங்கு உண்டு. பேச்சின் பங்கு எனக்கு நோட்டில் தெரிகிறது. 3 மணிக்கு முழிப்பு வந்தால் இப்போதும் 'எதற்கும்', 'யாரும்' என்ற சொற்கள் வரத்தான் செய்கின்றன. வந்தவுடனே கண் அங்கே போய் நிற்கிறது.

14-வது செஷனில் அதே தாளை மறுபடி கொடுத்தார்கள். 6 வந்தது. 9-வது கேள்விக்கு 0. 'தூக்கமிண்மை' மட்டும் அப்படியே இருந்தது. அதற்காக ஒரு ஸ்டார் குறைத்து, ஐந்துக்கு நாலு.