ஆடாசிட்டியா, ரீப்பரா?

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். இடம், எங்கள் வீட்டுப் பின்னறை. ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க வாசிப்பேன். குரலைப் பதியவும் திருத்தவும் கணினியில் முதலில் ஆடாசிட்டி என்ற மென்பொருள் மட்டும்தான். இப்போது பாதி வேலை ரீப்பர் என்ற இன்னொன்றில்.

ஆடாசிட்டி முழுக்க இலவசம். அதில் எனக்கு உயிர், 'பஞ்ச் அண்ட் ரோல்'. 'ஐங்குறுநூறு' என்று வாசிக்கையில் நாக்கு புரண்டுவிட்டதா? அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் கர்சரை வைத்து ஷிஃப்டும் டி-யும் சேர்த்து அழுத்தினால், அதற்கு முந்தைய 5 நொடி என் குரலே ஹெட்ஃபோனில் ஓடும். அதே மூச்சில், அதே தொனியில் தொடர்ந்து வாசித்துவிடலாம். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது. ஆனால் கர்சருக்கு வலப்பக்கம் இருப்பது போய்விடும். அதனால், அத்தியாயம் முடிந்து திருப்பிக் கேட்கும்போது நடுவில் அகப்படும் பிழைக்கு இது உதவாது.

அதற்கு ரீப்பர்தான். பிழையான சொல்லை மட்டும் குறித்துவிட்டால், அந்த இடைவெளிக்குள் மட்டும் புதுக்குரல் பதியும். பழைய வாசிப்பும் ஒரு 'டேக்' ஆக, அதாவது தனிப் பதிவாக, பத்திரமாக இருக்கும். புதியது பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம்.

இரைச்சல் நீக்க ஆடாசிட்டிதான் எளிது. நான் பேசாமல் இருந்த இரண்டு நொடியை மாதிரியாகக் காட்டினால் போதும். இரைச்சலைக் குறைக்கும் அளவை நான் 6 டெசிபெல்லில் வைப்பேன். கூட்டினால் சகரமெல்லாம் தேய்ந்து, குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். மாணவர்களில் பலர் இரட்டை வேகத்தில் கேட்பவர்கள். தேய்ந்த எழுத்து அவர்கள் காதுக்கு எட்டவே எட்டாது. ரீப்பரில் இதே வேலைக்கு 'ரீஃபிர்' இருக்கிறது. மூலப் பதிவைத் தொடாமல் செய்கிறது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் புதிதாக வருபவர் கண்ணில் சட்டென்று படாது. மொத்தத்தில் ரீப்பரின் மெனுக்கள் ஒரு காடு.

ரீப்பரின் விலை தனியாளுக்கு 60 டாலர். வாங்குமுன் 60 நாள் எந்த வசதியும் குறையாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

'ஒசாரா' என்ற இலவச இணைப்பைச் சேர்த்தால், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானின் துணையோடு ரீப்பரை விசைப்பலகையிலேயே இயக்கலாம். என் பதிவுகளைக் கேட்டுப் பரீட்சை எழுதிய மாணவி ஒருத்தி, இப்போது என் ஃபைல்களை அப்படித்தான் எடிட் செய்கிறாள். போன வாரம் போன் செய்தாள்: "அக்கா, பதினாலாவது நிமிஷத்துல பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேக்குது. அந்தப் பத்தியை மட்டும் திரும்ப வாசிச்சு அனுப்புங்க, நான் சேத்துக்கிறேன்."